மலை மேல் ஆடுகிறவருக்கு எந்த பிளேடு?

டேபிள் டென்னிஸில் லூப் என்றால் பந்தை மேல்நோக்கி உரசி, டாப்ஸ்பின் என்ற முன்சுழலோடு அனுப்பும் அடி. கோயம்புத்தூரில் டேபிளின் கடைசிக் கோட்டுக்கு நான்கு விரற்கடை உள்ளே விழுந்த லூப், ஊட்டியில் டேபிளைத் தாண்டிப் போய்விடும். கை அதே கை, பேட் அதே பேட், பந்தும் அதே டப்பாவிலிருந்து எடுத்ததுதான். கீழேயிருந்து ஆட வருகிறவர்கள் முதல் அரை மணி நேரம் ரப்பரைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். ரப்பரில் ஒன்றும் இல்லை. மலையில் காற்று மெலிவு.

பிளேடு என்பது பேட்டில் ரப்பருக்கு அடியில் இருக்கும் மரப் பலகை. அதன் தேர்வு பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி சமவெளியில் ஆடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆடும் பிள்ளைகளுக்கு அது அப்படியே பொருந்துவதில்லை. நல்ல கை உள்ள பையன் ஒருவன் வேகமான கார்பன் பிளேடு வாங்கிவிட்டு, இரண்டு வருடம் பந்தை டேபிளுக்குள் வைக்கவே போராடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஆகவே சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்டத்துக்குப் பொருத்தம் என்று கீழே எந்த பிளேடைச் சொல்வார்களோ, அதைவிட ஒரு படி மெதுவானதை மலையில் எடுங்கள். வேகத்தைக் காற்றே கொடுத்துவிடுகிறது. பிளேடிடம் கேட்க வேண்டியது சுழலை.

காற்றுக் கணக்கு

ஊட்டி 2240 மீட்டர் உயரம். கொடைக்கானல் ஏறக்குறைய 2130, குன்னூர் 1850, கோத்தகிரி 1800க்குச் சற்றுக் கீழே. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தியானது என்பதால் அந்தக் குறை சிறிது ஈடாகும். 15 டிகிரியில் இருக்கும் ஊட்டிக் காற்றையும் 30 டிகிரியில் இருக்கும் சென்னைக் காற்றையும் வைத்துக் கணக்குப் போட்டால், ஊட்டியில் அடர்த்தி சுமார் 20 சதவீதம் குறைவு.

பந்தின் எடை 2.7 கிராம். இவ்வளவு லேசான பந்தைக் காற்று படுத்தும் பாடு பெரிது. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும்போது, பந்தின் சொந்த எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு விசையோடு காற்று அதைப் பின்னால் இழுக்கிறது. டாப்ஸ்பின் அடித்த பந்தைக் கீழ்நோக்கி வளைப்பதும் இதே காற்றுதான். இந்த இரண்டு விசையும் அடர்த்தியைப் பொறுத்தவை. அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் இரண்டும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பந்து வேகம் இழக்காமல் வருகிறது, வளைய வேண்டிய அளவுக்கு வளைவதும் இல்லை.

ஒரு லூப்பை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 12 மீட்டர் வேகம், நல்ல சுழல், எதிர்ப் பக்கத்து ஆழத்தில் விழக் கால் நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம். அந்த நேரத்துக்குள் ஊட்டியில் பந்து, சமவெளியில் இருந்திருக்க வேண்டிய உயரத்தைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே நிற்கும். பந்து சாய்வாக இறங்குவதால் அந்த ஐந்தாறு சென்டிமீட்டர், விழும் இடத்தில் அரைச் சாணுக்கு மேலாக, சில அடிகளில் முழுச் சாணாகவே விரியும். டேபிளின் மொத்த நீளமே 2.74 மீட்டர். அதில் பாதிதான் உங்கள் பந்துக்கு உரிய இடம்.

குட்டை ஆட்டம் மட்டும் மாறுவதில்லை. காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போகும் புஷ்ஷிலும் (பந்தின் அடியை உரசி மெல்லத் தள்ளும் அடி) குட்டை சர்வீஸிலும் காற்றின் பங்கு மிகச் சிறியது, அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆகவே மலைக்கு வந்தவரின் சர்வீஸும் புஷ்ஷும் சரியாக விழும், லூப்பும் டிரைவ் என்ற வேக அடியும் டேபிளைத் தாண்டி ஓடும். பிளேடு வேகமாக இருக்க இருக்க இந்த இடைவெளி பெரிதாகும்.

ஒரு படி என்று நான் சொல்வது, மெதுவானதிலிருந்து வேகமானது வரை கடைக்காரர்கள் பயன்படுத்தும் வரிசையைத்தான். டிஃபென்ஸ், ஆல்ரவுண்டு மைனஸ், ஆல்ரவுண்டு, ஆல்ரவுண்டு பிளஸ், ஆஃப் மைனஸ், ஆஃப், ஆஃப் பிளஸ். கீழே ஆஃப் என்றால் இங்கே ஆஃப் மைனஸ். கூடலூர் ஏறக்குறைய 1000 மீட்டர்தான் என்பதால் அங்கே அரைப் படி போதும். பிளேடு அதேபடி இருக்கட்டும், ரப்பரின் அடியில் இருக்கும் பஞ்சு அடுக்கான ஸ்பாஞ்சை மட்டும் 2.1லிருந்து 1.9 மி.மீ.க்குக் குறைத்தால் சரியாகிவிடும்.

மரமும் அடுக்கும்

சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி பிளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். நடுவே கார்பன், கண்ணாடி இழை, அழுத்திய காகிதம் போன்றவை பசை அடுக்கில் வரலாம். ஆனால் ஓர் அடுக்கு மொத்தத் தடிமனில் 7.5 சதவீதத்தையோ 0.35 மி.மீ.யையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. ஆக, எவ்வளவு விலை கொடுத்தாலும் கையில் இருப்பது மரம். மரத்தைப் புரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

வெளி அடுக்குதான் பந்து முதலில் உணரும் மரம். லிம்பா என்பது மேற்கு ஆப்பிரிக்க மரம். நம் ஆற்றங்கரை மருத மரமும் அதுவும் ஒரே பேரினம். லிம்பா மிருது. பந்து ஒரு கணம் கூடுதலாக ஒட்டி நின்று கிளம்பும், வளைவு உயரமாக வரும். கோட்டோ கடினம். பந்து சட்டென்று விட்டுப் போகும், பாதை தாழ்வாக, நேராக இருக்கும். ஜப்பானிய ஹினோகி மிருதுவாக இருந்துகொண்டே துள்ளும். ஈட்டி மரம் கூடலூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. அதன் மெல்லிய தகட்டை வெளி அடுக்காக வைத்த பிளேடுகளில் கனமும் உறுதியும் கூடும், பலமாக அடித்தால் வேகம் கிளம்பும்.

உள்மரம் பெரும்பாலும் அயூஸ் அல்லது கிரி. அயூஸ் ஓரளவு கனம், அடிக்கும்போது உள்ளங்கைக்குத் தெளிவாகத் தெரியும். கிரி லேசானது, அதனால் கார்பன் பிளேடுகளில் அதிகம் வைக்கிறார்கள்.

தடிமனைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. ஒரே மரத்தில் விறைப்பு, தடிமனின் மும்மடியோடு (தடிமன் × தடிமன் × தடிமன்) கூடும். 5.5 மி.மீ. பிளேடையும் 6 மி.மீ. பிளேடையும் ஒப்பிட்டால் வித்தியாசம் அரை மில்லிமீட்டர், விறைப்போ 30 சதவீதம் கூடுதல். ஐந்தடுக்கு ஆல்ரவுண்டு பிளேடுகள் பெரும்பாலும் 5.3 முதல் 5.8 மி.மீ. வரை இருக்கும், ஏழடுக்கு ஆறைத் தாண்டும்.

கார்பனில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. வெளி அடுக்குக்கு அடுத்தே கார்பன் இருந்தால் மெல்லத் தொட்டாலும் அது வேலை செய்யும். பட்டர்ஃபிளை கம்பெனியின் வியஸ்காரியா அப்படிப்பட்டது. கோட்டோ வெளி அடுக்கு, அடுத்து அரிலேட் என்ற செயற்கை இழையும் கார்பனும் சேர்த்து நெய்த ஏஎல்சி துணி, 5.8 மி.மீ. தடிமன். 2011லும் 2013லும் உலகப் பட்டம் வென்ற சீன ஆட்டக்காரர் ஜாங் ஜிகே ஆடிய பிளேடு இது. நடு மரத்தை ஒட்டிக் கார்பன் இருந்தால், மெதுவாக ஆடும்போது பிளேடு மரம் போலவே நடந்துகொள்ளும், முழு வீச்சில் அடித்தால்தான் கார்பன் எழும். பட்டர்ஃபிளையின் இன்னர்ஃபோர்ஸ் லேயர் ஏஎல்சி, டிஹெச்எஸ் கம்பெனியின் ஹரிக்கேன் லாங் 5 இரண்டும் இந்த வகை. கார்பன் வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட மலை ஆட்டக்காரருக்கு உள் கார்பன்தான் நல்லது. புஷ்ஷும், குட்டைப் பந்தை மணிக்கட்டால் சுண்டும் ஃபிளிக்கும் மரம் போல இருக்கும், சர்வீஸ் ரிசீவில் பந்து எகிறாது.

இங்கே இன்னொன்று. நம் ஊர் ஹால்களில் பல தகரக் கூரை. ஆனி, ஆடியில் மழை பிடித்தால் பந்து படும் சத்தமே கேட்காது. பந்து எங்கே பட்டது, எவ்வளவு ஆழமாகப் பட்டது என்பதைக் காது சொல்லாதபோது உள்ளங்கைதான் சொல்ல வேண்டும். அரிலேட் இழை அதிர்வை அமுக்கிவிடும். முழு மர ஐந்தடுக்கு பிளேடு ஒவ்வொரு அடியையும் கைக்குச் சொல்லும். கற்றுக்கொள்ளும் வயதில் இது மிகப் பெரிய உதவி.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

ஒரு கம்பெனியின் ஆஃப் இன்னொரு கம்பெனியின் ஆல்ரவுண்டு பிளஸ்ஸாக இருக்கலாம். வேகம் 9.5, கட்டுப்பாடு 8 என்றெல்லாம் போடுகிறார்களே, அவற்றுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு பிளேடுகளை ஒப்பிட மட்டும் அவை உதவும்.

நம்பத்தக்க சோதனை காதும் செல்போனும். ரப்பர் ஒட்டாத பிளேடின் ஹேண்டிலை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, முகத்தின் நடுவில் பந்தைத் தட்டுங்கள். ஒலி அலைவரிசை காட்டும் இலவச ஆப் ஏதாவது ஒன்றில் எந்த இடத்தில் முள் எழுகிறது என்று பாருங்கள். மெதுவான ஆல்ரவுண்டு பிளேடு ஏறக்குறைய 1000 முதல் 1150 ஹெர்ட்ஸ் காட்டும். வெளிக் கார்பன் பிளேடுகள் 1300ஐத் தாண்டும். நடுவில் உள்ளதெல்லாம் ஆஃப் மைனஸ், ஆஃப். ஒரே மாடலில் இரண்டு பிளேடு இருந்தால் கூடுதல் ஹெர்ட்ஸ் காட்டுவது விறைப்பானது. மலைக்குக் குறைவானதை எடுங்கள். மூன்று தடவை தட்டி மூன்றிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பது முக்கியம். எண் தாவினால் பிடி இறுக்கமாக இருக்கிறது, அல்லது உள்ளே ஓர் அடுக்கு விட்டிருக்கிறது.

யாருக்கு எது

எட்டு வயது முதல் பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைக்கு 75 முதல் 80 கிராம் ஐந்தடுக்கு ஆல்ரவுண்டு பிளேடு, இரு பக்கமும் 1.5 அல்லது 1.8 மி.மீ. ரப்பர், மொத்தம் 160 கிராமுக்குள். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். 1967லிருந்து விற்கும் ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக் இன்றும் இந்த இடத்துக்கு நல்ல அளவுகோல். கடையில் ரப்பர் ஒட்டியே விற்கும் பேட்டில் பிளேடு என்ன மரம், ஸ்பாஞ்ச் எவ்வளவு என்று எதுவும் தெரியாது. ரப்பர் தேய்ந்தால் மாற்றவும் முடியாது. கொஞ்சம் கூடப் போனாலும் பிளேடு தனியாக, ரப்பர் தனியாக வாங்கிக் கொடுங்கள்.

டேபிளை ஒட்டி நின்று இரு பக்கமும் டாப்ஸ்பின் ஆடுகிறவர்தான் இன்று பெரும்பான்மை, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். 2014ல் பிளாஸ்டிக் பந்து வந்தபிறகு பந்தில் ஏறும் சுழல் குறைந்தது, ஆட்டக்காரர்கள் அதை ஈடுகட்ட வேகமான பிளேடுகளுக்கு நகர்ந்தார்கள். மலையில் அந்த நகர்வைப் பின்பற்றினால் இரட்டை நஷ்டம். பந்தில் சுழலும் குறைவு, அந்தச் சுழல் காற்றில் வளைக்கும் விசையும் குறைவு. கடைசிக் கோட்டுக்குள் பந்தை இறக்க உங்களிடம் இருக்கும் ஒரே வழி இன்னும் கூடுதலான சுழல். அதற்குப் பந்து ரப்பருக்குள் அமுங்கி, மரம் சற்று வளைந்து, ஒட்டி நின்று கிளம்ப வேண்டும். லிம்பா வெளி அடுக்கு, ஐந்தடுக்கு, 5.6 முதல் 5.8 மி.மீ., ஆஃப் மைனஸ் என்பது இந்த ஆட்டத்துக்கு மலையில் சரியான இடம். யாசகா ஸ்வீடன் எக்ஸ்ட்ரா, பட்டர்ஃபிளை கோர்பல் போன்ற முழு மர ஐந்தடுக்குகளை இந்த வரிசையில் பார்க்கலாம்.

தவறான பிளேடு எப்படித் தெரியும்? எந்தப் பந்து போகிறது என்று கவனியுங்கள். புஷ்ஷுக்கு எதிராக எடுக்கும் மெதுவான முதல் லூப் உள்ளே விழுந்து, அடுத்து வரும் பிளாக்குக்கு (எதிரி பேட்டை நிறுத்திப் பந்தைத் தடுத்து அனுப்புவது) எதிரான இரண்டாவது லூப் மட்டும் நீளமாக ஓடினால் பிளேடு விறைப்பு அதிகம். எதிரியின் வேகம் உங்கள் வேகத்தோடு சேரும்போது பந்து ஒட்டி நிற்கவில்லை என்று பொருள். இரண்டு லூப்பும் வலையில் விழுந்தால் பிளேடு மீது பழி போடாதீர்கள், ரப்பரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் நீளமாகப் போனால் பேட் முகம் திறந்திருக்கிறது, அது கோச் திருத்த வேண்டிய விஷயம்.

தட்டையாக அடித்தும் பிளாக் செய்தும் ஆடுகிறவருக்கு ஏழடுக்கு மரம். ஸ்டிகா கிளிப்பர் இந்தக் குடும்பத்தின் பழைய பெயர். வளையாத பிளேடு என்பதால் பிளாக் நிலையாக இருக்கும். ஆனால் காற்று மெலிவால் தட்டையான அடிதான் மற்ற அடிகளுக்கு முன்பே டேபிளைத் தாண்டி ஓடும், ஆகவே ஏழடுக்கிலும் மெல்லியதை, 6.3 மி.மீ.க்குள் பார்த்து எடுங்கள். ஸ்பாஞ்ச் 1.8 அல்லது 1.9.

டேபிளை விட்டுத் தள்ளி நின்று சாப் செய்யும் ஆட்டம், அதாவது பந்தின் அடியை வெட்டிப் பின்சுழலோடு திருப்பும் ஆட்டம், எனக்கு மிகப் பிடித்த ஆட்டம். 2003ல் பாரிஸ் உலகப் போட்டியில் தென்கொரியாவின் ஜூ செ ஹ்யூக் அந்த ஆட்டத்தோடு இறுதிப் போட்டி வரை போனார். மலையில் அதற்கு இரண்டு இடைஞ்சல். சென்னையில் இரண்டரை மீட்டர் பின்னால் நிற்கிறவரிடம் வந்து சேரும்போது எதிரியின் லூப் காற்றில் பாதிச் சூடு ஆறியிருக்கும். இங்கே அவ்வளவு ஆறாது, யோசிக்கும் நேரம் குறைகிறது. இரண்டாவது, நம் ஹால்கள் பல சிறியவை. இரண்டு மீட்டர் பின்வாங்கினால் முதுகில் சுவர். எனவே சாப் ஆடுகிறவர் உண்மையிலேயே மெதுவான டிஃபென்ஸ் பிளேடாக எடுக்க வேண்டும், ஆல்ரவுண்டு வைத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனை வேண்டாம். டிஃபென்ஸ் பிளேடின் முகம் சாதாரண 157க்கு 150 மி.மீ.யைவிட ஐந்து முதல் எட்டு மி.மீ. பெரிதாக இருக்கும். எட்டிப் பிடிக்கும் பந்துகளில் அந்த ஐந்து மி.மீ. உயிரைக் காப்பாற்றும். ரப்பர் வாங்கும்போது அந்த அளவுக்குத் துண்டு போதுமா என்று அளந்து பாருங்கள்.

நீளப் பிம்பிள் ரப்பரை, அதாவது நீண்ட முள் போன்ற புடைப்புகள் வெளியே நிற்கும் ரப்பரை, டேபிளை ஒட்டி வைத்து ஆடுவது வேறு கதை. இந்தியாவின் மணிகா பத்ரா பேக்ஹேண்டில் அதை வைத்துத்தான் உலக அளவில் பெயர் எடுத்தார். ஸ்பாஞ்ச் இல்லாத நீளப் பிம்பிளோடு பிளாக் செய்ய, மெதுவாகவும் அதேசமயம் வளையாமலும் இருக்கும் பிளேடு வேண்டும். வளையும் பிளேடில் பந்து தூக்கிக்கொண்டு போகும். ஃபோர்ஹேண்டில் அடிக்க வேகம் வேண்டுமே என்றால் அதை ரப்பரில் எடுங்கள், பிளேடில் எடுக்காதீர்கள்.

பேட்டைப் பேனா போலப் பிடிக்கும் பென்ஹோல்டு ஆடுகிறவர்கள் மலையில் அரிது. சீன வகைக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். ஒற்றை ஹினோகிப் பலகையாக ஒன்பது, பத்து மி.மீ. தடிமனில் வரும் ஜப்பானிய வகையை மூடுபனி ஊரில் வைத்துப் பராமரிப்பது சிரமம்.

எடை, பிடி

பிளேடு 85 கிராம், ஐரோப்பிய ரப்பர் வெட்டியபின் ஒரு பக்கம் 46 முதல் 48, பசையும் ஓர டேப்பும் மூன்று நான்கு. கூட்டினால் 180ஐத் தாண்டும். கடினமான சீன ரப்பரை ஃபோர்ஹேண்டில் போட்டால் இன்னும் நான்கைந்து கிராம். பெரியவர்களுக்கு 175 முதல் 185 போதும். ஒரே மாடலிலேயே பிளேடுக்குப் பிளேடு ஐந்து கிராம் முன்பின் இருக்கும் என்பதால் ஆன்லைனில் வாங்கும்போது எடையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நல்ல கடைக்காரர் தராசில் வைத்துப் படம் அனுப்புவார்.

ஹேண்டிலில் அடி விரிந்த ஃபிளேர்டு, நேரான ஸ்ட்ரெயிட் என்று இரண்டு போதும். பேட்டை விரலுக்குள் திருப்பி ரப்பர் மாற்றி ஆடுகிறவர்களுக்கு ஸ்ட்ரெயிட். மார்கழி, தை மாதத்தில் விரல் விறைத்திருக்கும்போது தடித்த ஹேண்டில் கைக்குள் அடங்காது, இறுக்கிப் பிடிப்போம், மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் மனம் ஊசலாடினால் மெல்லியதை எடுங்கள். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலின் கவையும் படும் தோள்பட்டை ஓரம் புது பிளேடில் கூர்மையாக இருக்கும். 240 உப்புத்தாளால் அந்த முனையை மட்டும் உருட்டி, 400ஆல் மழமழப்பாக்குங்கள். ஒரு பக்கத்துக்கு இருபது இழுப்பு போதும்.

மூடுபனியும் மரமும்

மரம் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்தின் எடையில் சுமார் 9 சதவீதம் நீராக இருக்கும். 90 சதவீதமானால் அது 20 வரை ஏறும். தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் பல நாட்கள் அப்படித்தான். கொடைக்கானலிலும் குன்னூரிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே கதை. ஈரம் ஏறிய பிளேடு கனக்கும், சத்தம் மந்தமாகும், மேலே சொன்ன ஹெர்ட்ஸ் எண் கீழே இறங்கும். வெயில் மாதத்தில் திரும்பக் காயும்போது சீராகக் காயாவிட்டால் பிளேடு முறுக்கிக்கொள்ளும்.

ஆகவே ரப்பர் ஒட்டுவதற்கு முன் பூச்சு கட்டாயம். 400 உப்புத்தாளால் நார் ஓடும் திசையில் மெல்லத் தேய்த்து, தூசியை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நீரில் கரையும் நிறமற்ற பாலியூரிதேன் வார்னிஷைப் பழைய பனியன் துணித் துண்டில் தொட்டு, முகம் முழுவதும் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. துணியைப் பிழிந்தால் சொட்டக்கூடாது, அந்த அளவுக்குத்தான் ஈரம். மூடுபனி நாளில் முழு ஒரு நாள் காயவிட்டு, 600 உப்புத்தாளால் ஒரு முறை வருடிவிட்டால் முடிந்தது. இரண்டு மூன்று பூச்சு போடுகிறவர்கள் உண்டு. அப்போது லிம்பாவின் மிருது போய்விடும், எதற்காக அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தோமோ அதுவே இல்லாமல் போகும். எல்லோரும் மறக்கும் இடம் பிளேடின் மேல் விளிம்பு. மர நார் அங்கே குறுக்கே வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கிறது. முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் ஏறுவது அந்த வழியில்தான். விளிம்புக்கு மட்டும் இரண்டு பூச்சு கொடுங்கள். ஹேண்டிலில் பூச வேண்டாம், வழுக்கும்.

பூச்சின் இன்னொரு பலன் ரப்பரைக் கழற்றும்போது தெரியும். பூச்சில்லாத லிம்பாவில் ரப்பரோடு நாரும் பிய்ந்து வரும். ஹேண்டில் பக்கத்து மூலையிலிருந்து தொடங்கி, ரப்பரைப் பிளேடோடு ஒட்டினாற்போலத் தாழ்வாக மடித்து, குறுக்குச் சாய்வில் மெதுவாக இழுங்கள். நேர் மேலே தூக்கக்கூடாது. நார் ஒன்று எழும்புவது தெரிந்தால் அங்கேயே நிறுத்தி எதிர் மூலையிலிருந்து வாருங்கள். எழும்பிய நாரை ஒரு துளி மரப் பசையால் படிய வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஓர் இரவு வைத்தால் சரியாகிவிடும்.

ரப்பர் ஒட்டும் நீர்ப்பசை, வெள்ளை மறைந்து நிறமற்றதாக மாறினால் காய்ந்தது என்று பொருள். கீழே கால் மணி நேரத்தில் ஆவது இங்கே மழை நாளில் முக்கால் மணி நேரம் கூட ஆகும். அவசரப்பட்டு ஒட்டினால் உள்ளே மாட்டிய ஈரத்தை மரம்தான் குடிக்கும், சில நாளில் ரப்பரில் கொப்புளம் எழும்.

பேட் உறைக்குள் பத்து கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. நிறம் மாறியதும் மாற்றுங்கள். நனைந்த டவலையும் பேட்டையும் பையின் ஒரே அறையில் வைக்காதீர்கள். குளிருக்குக் கணப்பு மூட்டும் வீடுகளில் பேட்டை அதன் பக்கத்தில் வைத்து உலர்த்துகிறார்கள். பசை இளகி அடுக்கு விடுவது அப்படித்தான். தை மாதக் காலையில் ஸ்பாஞ்ச் கல்லாக இறுகியிருந்தால் ஆடுவதற்கு முன் பதினைந்து நிமிடம் ஸ்வெட்டருக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூடு போதும்.

கையில் வாங்கிப் பார்க்கும்போது

பிளேடைக் கண் மட்டத்தில் பிடித்து நுனியிலிருந்து ஹேண்டில் வரை விளிம்பை நோக்குங்கள், முறுக்கு இருந்தால் தெரியும். பிறகு ஹேண்டில் வெளியே நீட்டியிருக்க, முகத்தை மட்டும் கண்ணாடி மேல் வைத்து அதன் நான்கு ஓரத்தையும் விரலால் அழுத்துங்கள். ஆடினால் வேண்டாம். ஹேண்டிலுக்கு அருகிலிருந்து நுனி வரை நகத்தால் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மட்டும் சத்தம் அடைத்தாற்போல் வரக்கூடாது. மிகப் பிரபலமான கார்பன் பிளேடு பாதி விலையில் கிடைத்தால் அது பெரும்பாலும் போலிதான். எடை, தடிமன், ஹெர்ட்ஸ் மூன்றையும் அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதியதை வாங்கியதும் ரப்பரையும் சேர்த்து மாற்றாதீர்கள். பழைய பேட்டில் இருந்த அதே ரப்பர், அதே தடிமன். பிளேடு மட்டும் மாறட்டும். குறைந்தது ஆறு வாரம், வாரம் மூன்று நாள் ஆடிய பிறகே தீர்ப்பு. ஏற்கெனவே வேகமான பிளேடு வாங்கிவிட்டு இப்போது வருந்துகிறவர்களும் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 2.1 மி.மீ. ஸ்பாஞ்சை 1.8க்கு மாற்றினாலே பேட் மூன்று நான்கு கிராம் இளைத்து, அரைப் படி மெதுவாகும்.

கீழே போட்டிக்கு இறங்கும்போது

கோயம்புத்தூர் 410 மீட்டர்தான். மதுரை, திண்டுக்கல் இன்னும் தாழ்வு. மலையில் சரியாக விழுந்த பந்து அங்கே அரைச் சாண் குறைவாக விழும், எதிரிக்கு வசதியாக நடு டேபிளில் எழும்பும். இதற்காக வேகமான இரண்டாவது பேட் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். குட்டை ஆட்டத்தின் கை கெட்டுவிடும். அதே பேட்டோடு முதல் நாளே இறங்கி, ஒரு மணி நேரம் லூப்பை மட்டும் ஆடி, வலைக்கு மேல் இரண்டு விரற்கடை கூடுதலாகத் தூக்கப் பழகுங்கள். பந்து அங்கே கீழே வளைந்து வரும் என்பதால் பயப்படாமல் வலுவாக இழுக்கலாம். மலையில் சுழலுக்குப் பழகிய கைக்கு அது தானாக வரும். உறையிலிருந்து பேட்டை எடுத்து ஹால் காற்றில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கொண்டு போன குளிரோடு ஈரக் காற்றில் வைத்த உடனே ஆடினால் ரப்பர் மேல் வியர்த்திருக்கும், முதல் சர்வீஸே வழுக்கும்.